ரெண்டு நாளைக்குத்தானுங்க தம்பி!

"தற்காலிகம்" என்கிற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊரில் யாரும் அப்படி இலக்கணமாகச் சொல்ல மாட்டார்கள். "டெம்ப்ரவரிங்க" என்பார்கள். பனியன் கம்பெனி மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, பேக்கிங் செக்சனை மேலே ஏற்றியிருப்பார்கள். கேட்டால் டெம்ப்ரவரி. வெளியூர்க்காரர்கள் தங்க வரிசையாகத் தகர ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். அதுவும் டெம்ப்ரவரி. கோடை லீவுக்கு மைதானத்தில் பொருட்காட்சி வரும். ராட்டினம், பேய் வீடு, பனிக்குகை, டெல்லி அப்பளம் எல்லாம் இருக்கும். அது டெம்ப்ரவரிக்கே டெம்ப்ரவரி. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டாவது வாசல் எங்கே, எமர்ஜென்சி லைட் எங்கே, தீயணைப்புத் துறைச் சான்றிதழ் எங்கே என்று யாரும் மூச்சு விடக்கூடாது. "ரெண்டு நாளைக்குத்தானுங்க தம்பி, அப்பறம் பிரிச்சுருவோம்."

என் கட்சி இதுதான். பொழுதுபோக்கப் போன இடத்தில் ஜனங்கள் எரிந்து சாவதற்கு முதல் காரணம் இந்த "ரெண்டு நாளைக்குத்தான்". அடுத்த நாள் பேப்பரில் "தீயணைப்பு வண்டி தாமதமாக வந்ததால்" என்று ஒரு வரி வரும். நாமும் டீக்கடையில் அதையே பேசுவோம். வண்டி சீக்கிரம் வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதே இல்லை. வண்டியைத் திட்டுவது சுலபம். ஷெட் போட்டவரையும், போடவிட்டவரையும், உள்ளே போய் உட்கார்ந்த நம்மையும் கேள்வி கேட்பதுதான் கஷ்டம்.

ராஜ்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 25, சனிக்கிழமை சாயங்காலம். குஜராத்தின் அந்த ஊரில் டி.ஆர்.பி. கேம் ஸோன் என்று ஒரு விளையாட்டு மையம். பள்ளிக்கூட லீவு. போதாக்குறைக்கு நுழைவுக் கட்டணம் 99 ரூபாய்தான் என்று சலுகை வேறு. கூட்டம் சொல்லவா வேண்டும்? கட்டடம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இரும்புச் சட்டமும் தகரமும் வைத்து எழுப்பிய இரண்டு அடுக்கு ஷெட். உள்ளே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் வெல்டிங் வேலை நடக்கிறது. பொறி பறக்கிறது, எரியக்கூடிய சாமான் குவிந்திருக்கிற இடத்தில் விழுகிறது. ஊழியர்கள் ஓடி வந்து அணைக்கப் பார்ப்பது சிசிடிவியில் பதிவாகியிருந்தது. அணையவில்லை. சில நிமிடங்களில் மொத்த ஷெட்டும் போய்விட்டது. 27 பேர், குழந்தைகளும் சேர்த்து. டி.என்.ஏ. பரிசோதனை செய்துதான் எந்த உடல் யாருடையது என்று பிரித்தார்கள். அந்த இடத்தை நடத்தியவர்களில் ஒருவரும் உள்ளேயே எரிந்துபோயிருந்தார் என்பது கூட அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

கவனியுங்கள். அந்த இடம் 2021ல் இருந்து நடந்துகொண்டிருந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடையாது. கட்டடம் என்றால்தானே அனுமதி வேண்டும், இது டெம்ப்ரவரி ஷெட்தானே என்கிற சந்துக்குள் புகுந்து மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். இடிக்கச் சொல்லி 2023லேயே மாநகராட்சி நோட்டீஸ் விட்டிருந்தது, அதோடு சரி. தீ விபத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விஷயத்தைக் கையில் எடுத்து, இது மனிதர்களே உண்டாக்கிய பேரழிவு என்று சொன்னது. கமிஷனர்கள் மாற்றப்பட்டார்கள். நகரமைப்பு அதிகாரியும் தீயணைப்பு அதிகாரிகளும் கைதானார்கள். வழக்கமான காட்சிகள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மூன்று வருஷம் நிற்கிற ஒன்றுக்குப் பெயர் தற்காலிகமா? எங்கள் தெருவில் அக்கா கல்யாணத்துக்கென்று போட்ட மொட்டை மாடி ஷெட் ஒன்று இருக்கிறது. அந்த அக்காவின் பையன் இப்போது ஐந்தாவது படிக்கிறான்.

இது ஏதோ குஜராத்காரன் செய்த தப்பு என்று நினைக்க வேண்டாம். இந்தியாக்காரன் மட்டும் செய்கிற தப்பும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் சிக்ஸ் பிளாக்ஸ் என்று பெரிய தீம் பார்க். அங்கே ட்ரெய்லர் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து "பேய்க் கோட்டை" கட்டியிருந்தார்கள். பெட்டிகள்தானே, தற்காலிக அமைப்புதானே என்று கட்டட விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. தண்ணீர் தெளிப்பான் இல்லை, புகை கண்டுபிடிக்கும் கருவி இல்லை. 1984 மே 11 அன்று இருட்டில் வழி பார்க்க ஒரு பையன் லைட்டரைக் கொளுத்தினான், சுவரில் இடிபடாமல் இருக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பிடித்துக்கொண்டது. எட்டு பேர் செத்தார்கள், எல்லோரும் பதின்வயதுப் பிள்ளைகள். அந்தத் தற்காலிகக் கோட்டை அங்கே நின்றது 1979ல் இருந்து! கம்பெனி மேல் கிரிமினல் வழக்குப் போட்டார்கள். குற்றவாளி இல்லை என்று ஜூரி விட்டுவிட்டது.

நம் நாட்டில் டப்வாலி. ஹரியானாவில் சின்ன ஊர். 1995 டிசம்பர் 23, பள்ளிக்கூட ஆண்டு விழா, மேலே சிந்தெடிக் துணிப் பந்தல். நானூறு பேருக்கு மேல் செத்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். அதற்குப் பத்து வருஷம் கழித்து மீரட். 2006 ஏப்ரலில் விக்டோரியா பார்க்கில் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி. ஐந்து நாள் கண்காட்சி, கடைசி நாளான 10ஆம் தேதி தீப்பிடித்தது. 65 பேர். ஏற்பாடு செய்தவர்கள் பந்தல் காண்ட்ராக்டரைக் கைகாட்டினார்கள். எல்லாம் சுற்றி, 2022 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்துச் சொன்னது, ஏற்பாட்டாளர்களுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு என்று. யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு என்பதை அதற்குப் பிறகுதான் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஐந்து நாள் பந்தல், பதினாறு வருஷ வழக்கு. எது தற்காலிகம், எது நிரந்தரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பட்டியல் நமக்கு மனப்பாடம். 1997ல் தஞ்சை பெரிய கோயில் யாகசாலைப் பந்தல். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி, ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம், மாடியில் போட்ட கீற்றுப் பந்தல், மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல். அதே 2004 ஜூலை 16ல் கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். மேலே கீற்று, கீழே இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது என்ன? கீற்று என்று முடிவு கட்டிவிட்டோம். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். சரியான உத்தரவுதான். ஆனால் பாடம் "கீற்று கூடாது" என்பதோடு நின்றுவிட்டது. கீற்றுக்குப் பதில் தகரம் வந்தது, தகரம் சுடுகிறதென்று அடியில் தெர்மோகோல் சீலிங் வந்தது, அதற்கு மேல் அலங்காரத் துணி வந்தது. ஒரே வழி, குறுகல் வழி, தெரியாத வழி, இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன.

துணியைப் பற்றி வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். திருப்பூர்க்காரனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. நூல் காட்டனா பாலியஸ்டரா என்று பார்க்க நம் ஊரில் சின்னப் பையன் கூட ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவான். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு, உருகி, முனையில் கறுப்பாக உருண்டை கட்டும். சூடாக இருக்கும்போது அது விரலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், தோலோடுதான் வரும். இந்தத் துணியை ஆயிரம் பேர் தலைக்கு மேல் கூரையாகக் கட்டினால் என்ன நடக்கும்? டப்வாலியில் நடந்தது அதுதான், கூரையே உருகித் தலையில் சொட்டியது. பேய் வீட்டுச் சுவரில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் அதைவிட மோசம். பாலியூரித்தேன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். தீ உங்களைத் தொடுவதற்கு முன்பே நாலு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, வண்டிக்கு வருகிறேன். 101ஐயோ 112ஐயோ கூப்பிட்டு, இடம் சொல்லி, வண்டி கிளம்பி, குமரன் ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ சாயங்கால டிராஃபிக்கில் நீந்தி வந்து, ஹோஸ் விரித்துத் தண்ணீர் அடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? உலகத்திலேயே சிறந்த ஊராக இருந்தாலும் சில நிமிடங்கள் ஆகும். துணியும் நுரையும் தெர்மோகோலும் நிறைந்த ஷெட் முழுசாகப் பிடிக்கவும் சில நிமிடங்கள்தான் ஆகும். இந்தப் பந்தயத்தில் வண்டி ஜெயிக்காது. ஜெயிக்க முடியாத பந்தயத்தில் ஓடவிட்டுவிட்டு, தோற்றதற்கு டிரைவரைத் திட்டுகிறோம். 2025 டிசம்பர் 6 நள்ளிரவு வாக்கில் கோவா அர்போராவில் ஒரு இரவு விடுதி எரிந்து 25 பேர் செத்தார்களே, அங்கே வண்டியால் வாசல் வரை போகவே முடியவில்லை. சந்து குறுகல், நானூறு மீட்டர் தள்ளியே நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கேயும் ஓலையில் ஒரு தற்காலிக அமைப்பு! செத்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் இல்லை, அங்கே வேலை செய்தவர்கள். பலர் கீழ்த்தளத்தில் புகையில் மூச்சுத் திணறிப் போனவர்கள். காதர்பேட்டை சந்துகளை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூனில் அங்கே பனியன் கடைகள் ஐம்பது வரை எரிந்தன. இரவு நேரம், கடைகளில் கூட்டமில்லை. 2025 ஜூலையில் எம்.ஜி.ஆர். நகரில் சிலிண்டர்கள் வெடித்து 42 தகர வீடுகள் போயின. குடியிருந்தவர்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் என்பதால் உயிர்ப்பலி இல்லை. நம் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது கடிகாரம். ஏற்பாடு என்று ஒன்றும் இல்லை.

ஆக, முதல் ஐந்து நிமிடம் யாருடையது? உள்ளே இருக்கிறவர்களுடையது. அதாவது டிக்கெட் கிழிக்கிற பையன், ராட்டினத்து லிவரைப் பிடித்திருக்கிற அண்ணன், பேய் வீட்டுக்குள் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு "ஊ" என்று கத்துகிற தம்பி. அந்த இடத்தின் உண்மையான தீயணைப்பு வீரர்கள் இவர்கள்தான்.

போன கோடையில் ஒரு பொருட்காட்சிக்குச் சித்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கே, யார் போட்டது என்பதெல்லாம் வேண்டாம். இருட்டுக் குகை மாதிரி ஒரு சமாச்சாரம், வளைந்து வளைந்து போகிறது. வாசலில் நின்றவரிடம், "ஏனுங்ணா, உள்ள அவசரம்னா வெளிய வர வேற வழி இருக்குங்களா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்ரூம்ங்களா தம்பி? அது அந்தப் பக்கம்." இல்லைங்ணா, தீ கீ பிடித்தால் என்றேன். "அதெல்லாம் புடிக்காதுங். நீங்க பயப்படாமப் போங்." பக்கத்தில் சிவப்பு சிலிண்டர் ஒன்று தொங்கியது. அதன் மேல் அவருடைய சட்டை மாட்டியிருந்தது. இதை எப்படி இயக்குவது தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். வந்து பதினைந்து நாள்தான் ஆகிறதாம், லீவு முடிந்தால் சொந்த ஊருக்குப் போய்விடுவாராம்.

அவரும் டெம்ப்ரவரி! :-(

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்தச் சிலிண்டரில் ஆறு கிலோ பவுடர் இருந்தால் பீய்ச்சி முடிய இருபது விநாடி அளவுதான் ஆகும். பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து, அமுக்கி, இடமும் வலமும் வீச வேண்டும். மேலே எரிகிற ஜுவாலையைப் பார்த்து அடித்தால் இருபது விநாடியும் காற்றில் போய்விடும். சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்னொன்று, தீ என்றதும் முதலில் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்வார்கள். செய்யத்தான் வேண்டும். செய்த அடுத்த கணம் இருட்டுக் குகை நிஜமாகவே இருட்டாகிவிடும். பேட்டரி விளக்கு இல்லையென்றால் நாற்பது பேர் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சுவரோ வளைந்து வளைந்து போகிறது. ராட்டினத்தில் பெல்ட் போட்டு உயரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கதை இன்னும் மோசம். கரண்ட் போனால் அவர்களைக் கையால் இறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். யாருக்குத் தெரியும், அவர் டீ குடிக்கப் போனால் அடுத்து யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்.

எனக்கு வயிறு எரிகிற இடம் வேறு ஒன்று. இதெல்லாம் தெரியாத ஊர் இல்லை இது. லீவில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றிருக்கிறேன். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்குள் ஒரு பீஸ் கட்டு வைத்தாலும் சூப்பர்வைசர் கத்துவார். நடக்கிற வழியாம், அடைக்கக் கூடாதாம். சுவரில் வெளியேறும் வழி மேப், அவசர வாசலில் உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு. மணி அடித்தால் ஓவர்லாக், சிங்கர், அயர்னிங் என்று எல்லோரும் போட்டது போட்டபடி வெளியே வந்து மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும், தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் திரும்ப எண்ணுவார்கள். ஏன் இவ்வளவு? 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள், அதே வருஷம் நவம்பரில் வங்கதேசத்தில் தஸ்ரீன் பேக்டரி எரிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பையர்களின் பெயர் நாறியது, ஆடிட் இறுகியது. (ஆடிட் என்றால் எல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. கராச்சி பேக்டரிக்குத் தீப்பிடிப்பதற்குச் சில வாரம் முன்புதான் சர்வதேசத் தரச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஜன்னலில் கம்பி, கதவில் பூட்டு, சுவரில் சான்றிதழ். நம் ஊரிலும் ஆடிட் அன்றைக்கு மட்டும் திறக்கிற கதவுகள் உண்டு. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய சமாச்சாரம்.)

யோசித்துப் பாருங்கள். வார நாளில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற அக்காவுக்கு இரண்டு வாசல், மேப், மணி, தலை எண்ணிக்கை. காரணம், அந்தச் சட்டை ஐரோப்பாவுக்குப் போகிறது. சனிக்கிழமை பட்டுவாடா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே அக்கா பொருட்காட்சிக்குப் போகிறார். அங்கே ஒரு வாசல். மேப் இல்லை. மணி இல்லை. உள்ளே எத்தனை தலை என்று யாருக்கும் தெரியாது, டிக்கெட் எண்ணுவார்கள், தலை எண்ண மாட்டார்கள். சட்டைக்கு இருக்கிற மரியாதை அதைத் தைத்தவருடைய பிள்ளைக்கு இல்லை. ஜாப் ஒர்க் யூனிட்டில் தைக்கிறவருக்கு வார நாளில் கூட இல்லை. முன்பெல்லாம் கரண்ட் வைத்து வேலை செய்கிற இடத்தில் பத்து பேர் இருந்தாலே சட்டப்படி அது தொழிற்சாலை. 2020ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை இருபது ஆக்கிவிட்டது. பத்தொன்பது பேர் இருக்கிற ஷெட்டில் பஞ்சு எரியாதா என்ன?

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கட்சி வாதம் வரும். என் மாமாவே சொன்னார். "தம்பி, நாப்பது நாள் போடற பந்தலுக்கு கட்டடத்துக்குப் பண்ற மாதிரியெல்லாம் பண்ணச் சொன்னா எவன் போடுவான்? ஏழை பாழைக்கு இருக்கற ஒரு பொழுதுபோக்கும் போயிரும்." மாமா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பெரிய தீம் பார்க் டிக்கெட் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பொருட்காட்சிதான் நம் ஜனங்களின் தீம் பார்க். அதனால்தான் சொல்கிறேன், கூட்டமும் அங்கேதான் அதிகம். தண்ணீர் தெளிப்பான் வை, கான்கிரீட் போடு என்று நான் கேட்கவில்லை. எதிரெதிர்ப் பக்கம் இரண்டு வாசல் வைக்கத் தகரத்தைக் கழற்றினால் போதும், காசு மிச்சம். ஜனங்கள் உள்ளே இருக்கும்போது வெல்டிங் வைக்காமல் இருக்க ஒரு பைசா செலவில்லை. ஸ்பாஞ்ச் ஒட்டாமல் இருக்கவும் செலவில்லை. நாலு பேட்டரி விளக்கு, வேலைக்குச் சேர்ந்த அன்றே பத்து நிமிஷப் பயிற்சி, வாசலில் ஏறு கணக்கு இறங்கு கணக்கு பார்க்க ஒரு ஆள். இவ்வளவுதான். ஒரு நாள் பார்க்கிங் வசூல் கூட வராது.

விதிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. தற்காலிக அமைப்புகளுக்கும் பந்தல்களுக்கும் எடுக்க வேண்டிய தீத்தடுப்பு ஏற்பாடுகள் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தனி நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. ஐ.எஸ். 8758 என்று பெயர். கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, சிந்தெடிக் துணியும் கயிறும் கூடாது, மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பந்தல் போடுகிற எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்? அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பார்த்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். தற்காலிகம் என்றால் விதி தளர வேண்டும் என்கிற நினைப்பே தலைகீழானது. கல் கட்டடத்தில் சுவராவது எரியாது. பந்தலில் சுவர், கூரை, தரை விரிப்பு எல்லாமே எரியும். ஒயரிங்கை அவசரத்தில் இழுத்திருப்பார்கள். ஆட்கள் புதுசு. வருகிற ஜனங்களுக்கும் இடம் புதுசு, தினமும் போய் வருகிற ஆபீஸ் மாதிரி வழி பழகியிருக்காது. எல்லா விதத்திலும் ஆபத்து கூடுகிற இடத்தில் கெடுபிடி குறைகிறது. என்ன கணக்கு இது?

அதே மாதிரி, தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்தால் பிரிக்க வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தேதிக்கு மேல் ஒரு நாள் நின்றாலும் அது கட்டடம், கட்டடத்துக்கு உள்ள அத்தனை சட்டமும் அதற்கு உண்டு என்று ஆக்க வேண்டும். மொட்டை மாடி ஷெட், தகர லைன் வீடு, பொருட்காட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராஜ்கோட்டில் இந்த ஒரு தேதி இருந்திருந்தால் மூன்று வருஷம் ஓடியிருக்காது.

அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ஆளில்லை நான், செய்யாது என்றும் தெரியும். விபத்து நடந்த மறுநாள் மாநிலம் முழுக்க அதிரடி சோதனை, பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி. அதனால் நானும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன வேலை ஆரம்பித்திருக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மாநகராட்சிக்கு ஒன்று, மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்துக்கு ஒன்று. கடந்த மூன்று கோடைகளில் நகரில் நடந்த பொருட்காட்சிகள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் தடையில்லாச் சான்று கொடுத்தீர்கள், திறப்பதற்கு முன்பா பின்பா? நேரில் போய்ப் பார்த்தது யார், என்றைக்கு? எத்தனை வாசல் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று அனுமதித்தீர்கள், அந்த எண் டிக்கெட்டிலோ வாசலிலோ எழுதப்பட்டிருந்ததா? ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கு என்ன ஆதாரம்? பிரிக்க வேண்டிய நாள் எது, பிரித்த நாள் எது?

மனு வாசகம் வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். கோவை, ஈரோடு, கரூர்க்காரர்கள் உங்கள் ஊருக்கு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எங்களுக்கு வருகிற பதிலை, பதில் வராவிட்டால் வராத கதையை, ஸ்டாம்ப் ஒட்டிய நகலோடு இங்கேயே போடுகிறேன்.